கடல் கடக்கும் படங்கள்

அந்தமானிலிருந்து சென்னைக்கு வரும் கப்பலிலும் விமானத்திலும் பெரிய உறை ஒன்றை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் சிலரைக் காணலாம். உறைக்குள் ஸ்கேன் ஃபிலிம்கள் இருக்கும். சிலரிடம் குறுந்தகடும் இருக்கும். மற்றச் சுமைகளைக் கிடைத்த இடத்தில் வைப்பவர்கள் இந்த உறையை மட்டும் மடங்காமலும் நனையாமலும் காத்து வருவர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயருக்கும் சென்னைக்கும் இடையே கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பலுக்கு மூன்று நாள். விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். புற்றுநோயின் சில வகைகளில் அந்த உறைக்குள் இருப்பது எவ்வளவு பயன்படும் என்பதைப் பொறுத்தே, அந்தப் பயணம் தேவையா, எத்தனை முறை தேவை என்பது முடிவாகிறது.

புரோட்டான் கதிர்மருத்துவம் அத்தகைய சிகிச்சைகளுள் ஒன்று. தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் 2019 ஜனவரியில் சென்னைத் தரமணியில் அப்போலோ குழுமத்தால் தொடங்கப்பட்டது. அதன்பின் நவி மும்பையின் கார்கரில், டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் வளாகத்திலும் இச்சிகிச்சை தொடங்கியது. தீவு மக்களுக்கு அருகில் இருப்பது தரமணியே. இவ்வகைக் கருவியின் இதயமான சைக்ளோட்ரான் மட்டும் 200 டன்னுக்கு மேல் எடை கொண்டது. கதிரை நோயாளியைச் சுற்றித் திருப்பும் சட்டகம் மூன்று மாடி உயரம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார்த் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. நிலநடுக்க வரைபடத்திலோ மிகுந்த ஆபத்துக்குரிய ஐந்தாம் மண்டலம். அப்படியொரு கருவியை அங்கே நிறுவுக என்று எவரும் கேட்கப்போவதில்லை. அவ்வாறாயின், கருவி வரமுடியாத ஊருக்கு இந்த அறிவியல் எதைத் தரமுடியும் என்பதே கேள்வி.

விடை தேடுமுன் கதிரின் இயல்பைச் சற்றுப் பார்க்கவேண்டும். 1904-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வில்லியம் ஹென்றி பிராக், ரிச்சர்ட் கிளீமன் ஆகிய இருவரும் ரேடியம் உமிழும் ஆல்ஃபா துகள்களை ஆராய்ந்தனர். துகள் தன் பாதையின் தொடக்கத்தில் சிறிதளவே ஆற்றலை இழக்கிறது. நிற்கப்போகும் இடத்தில் மிகுதியாகக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இந்த முகட்டைப் பிராக் முகடு என்பர். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-இல் கட்டுரை எழுதியவர் இராபர்ட் வில்சன். முகடு மிகக் குறுகியது, கட்டியோ அகன்றது. ஆகவே தடிப்பு மாறும் சுழல் சக்கரம் ஒன்றைக் கதிரின் குறுக்கே வைத்து முகட்டை விரித்துக்கொள்ளலாம் என்ற வழியையும் அவரே அக்கட்டுரையில் கூறினார். 1954-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதன்முதலாக மனிதர்க்குப் புரோட்டான் செலுத்தப்பட்டது. அதே 1954-இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. அடையாற்றிலிருந்து தரமணி சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டரைப் புரோட்டான் கடக்க 65 ஆண்டுகள் ஆயின.

இந்தத் தாமதத்துக்குப் பணம் ஒரு காரணம். மற்றொரு காரணம், உடலுக்குள் புரோட்டானை எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லும் கண் 1954-இல் இல்லாமற்போனது. தரமணியில் உள்ளது போன்ற கருவி புரோட்டானை 230 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கும். அந்த ஆற்றலில் அது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் பாய்ந்து, நீரில் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் சென்று நிற்கும். மனித உடலோ சீரான நீர் அன்று. எலும்பில் விரைவில் நிற்கும். நுரையீரலின் காற்றிடத்தில் வெகுதூரம் ஓடும். எக்ஸ்-கதிர் உடலின் ஒரு புறம் புகுந்து மறுபுறம் வெளியேறுவது. உள்ளே சிறிய பிழை நேர்ந்தால் கதிரளவு சற்றே மாறும். புரோட்டான் பாதி வழியில் நிற்பது. அதே பிழை நேர்ந்தால் முகடே கட்டியை விட்டு நல்ல திசுவில் போய் விழும். எனவே புரோட்டான் சிகிச்சையில் படம் என்பது முன்னேற்பாடு மட்டும் அன்று. கதிரும் படமும் சேர்ந்ததே கருவி.

இந்தப் பாதிக் கருவி பிறந்த கதையும் கதிர்மருத்துவ அறையிலிருந்தே தொடங்குகிறது. 1956-இல் கேப் டவுனின் குரூட் சூர் மருத்துவமனையில் பகுதிநேரப் பணிக்குச் சென்ற இயற்பியலாளர் ஆலன் கார்மக், அங்கே கதிர் அளவைக் கணக்கிடுவோர் உடலைச் சீரான ஒரே பொருளாகக் கொள்வதைக் கண்டார். உள்ளே இருக்கும் வேறுபாடுகளை வெளியிலிருந்து அளந்து அறியமுடியாதா என்று எண்ணினார். 1963-இலும் 1964-இலும் அதற்கான கணிதத்தை வெளியிட்டார், கவனித்தவர் அரிது. எக்ஸ்-கதிருக்குப் பதிலாகப் புரோட்டான் போன்ற துகள்களைக் கொண்டும் இவ்வாறு அளக்கலாம் என்ற கருத்து அவரிடம் அப்போதே இருந்தது. இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்ட் தனியே உழைத்து உருவாக்கிய கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த 1971-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஓர் இந்தியக் கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் ஜி.என். இராமச்சந்திரன், ஏ.வி. இலட்சுமிநாராயணன். கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து உலகப் புகழ் பெற்ற அதே இராமச்சந்திரன்தான். 1952 முதல் 1970 வரை சென்னையில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கியிருந்தார். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உருவத்தை மீட்க அன்று நெடிய ஃபூரியே கணக்குகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு நிழலையும் தனித்தனியே ஒரு வடிகட்டியால் கூர்மையாக்கி, வந்த வழியிலேயே திரும்பப் பரப்பிக் கூட்டினால் போதும் என்று இவர்கள் காட்டினர். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-இல் இத்தகைய வழியைக் கண்டிருந்தனர். மருத்துவப் படவியல் உலகம் அந்த வடிகட்டியை இவர்கள் பெயராலேயே 'ராம்-லாக்' என்று அழைக்கிறது. சி.டி. ஸ்கேன் பற்றிய எந்தப் பாடநூலிலும் இன்றும் அப்பெயர் உண்டு. தீவிலிருந்து வரும் உறைக்குள் இருக்கும் ஃபிலிமின் பின்னணியில் சென்னையோடு இப்படியும் ஓர் உறவு இருக்கிறது.

ஆயினும் ஃபிலிம் என்பது ஸ்கேனின் நிழலே, ஸ்கேன் அன்று. சி.டி. ஸ்கேன் தருவது எண்களின் அடுக்கு. நீர் என்றால் 0, காற்று என்றால் கழித்தல் 1,000, எலும்பு என்றால் பல நூறு என ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். ஏறத்தாழ 4,000 படிநிலைகள் கொண்ட இந்த எண்களை ஃபிலிமில் அச்சிடும்போது, எலும்புக்கு ஏற்றபடியோ மூளைக்கு ஏற்றபடியோ ஒரு பகுதி மட்டும் கறுப்பு வெள்ளையாக மாறுகிறது, மற்றது போய்விடுகிறது. அந்த ஃபிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் எஞ்சியதும் சுருங்குகிறது. கட்டி இருக்கிறது என்று சொல்ல அது போதலாம். பார்வை நரம்பிலிருந்து அது எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொல்லப் போதாது.

புரோட்டான் கணக்கில் மில்லிமீட்டர் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சி.டி. எண்களைப் புரோட்டானின் நிறுத்துதிறனாக மாற்றுவதில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஐயம் இருக்கும் என்று கொண்டு திட்டமிடுவது பல மையங்களின் வழக்கம். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 3.5 மில்லிமீட்டர் ஆகிறது. குழந்தையின் மூளைத்தண்டுக்கு அருகே 3.5 மில்லிமீட்டர் என்பது சிறிய இடைவெளி அன்று. இதனால்தான் சிகிச்சைக்கான சி.டி. ஸ்கேனைச் சிகிச்சை மையத்திலேயே, அளவு சரிபார்த்த கருவியில், குழந்தை எந்த நிலையில் படுத்துக் கதிர் பெறப்போகிறதோ அதே நிலையில் எடுப்பர். போர்ட் பிளேயரில் எடுத்த ஸ்கேன் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இதற்கு மாற்றாகாது. அவ்வாறாயின் அந்த ஸ்கேன் எதற்கு?

புறப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு. புற்றுநோய் கண்ட எல்லோருக்கும் புரோட்டான் தேவையில்லை. பெரும்பாலோர்க்கு நேரியல் முடுக்கி தரும் எக்ஸ்-கதிரே போதும். புராஸ்டேட் புற்றுநோய் போன்றவற்றில் புரோட்டானின் மேன்மை இன்றும் விவாதத்தில் இருக்கிறது. குழந்தைகளின் நிலை வேறு. மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் சிறுமூளைக் கட்டிக்கு மூளை முழுவதும் முதுகுத்தண்டு முழுவதும் கதிர் தரவேண்டியிருக்கும். முதுகின் வழியே புகும் எக்ஸ்-கதிர் இதயத்தையும் குடலையும் கடந்தே வெளியேறும். புரோட்டானை முதுகெலும்போடு நிறுத்திவிடலாம். வளரும் உடலில் இந்த வேறுபாடு வாழ்நாள் முழுவதும் நீளும். அறுவை முடிந்து சில வாரங்களுக்குள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவேண்டும் என்பதால் காலமும் கணக்கில் வருகிறது. ஸ்கேன் தரவு முன்கூட்டியே சென்றால், தேவையற்றவர்க்கு அலைச்சல் மிஞ்சும். தேவையானவர்க்கு வாரங்கள் மிஞ்சும்.

தரவு செல்வதற்கு வழியும் வேண்டும், பொதுமொழியும் வேண்டும். மொழியை உருவாக்கும் வேலை 1983-இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் அமைத்த குழுவில் தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் ஸ்கேனரில் எடுத்த படத்தை வேறொரு நிறுவனத்தின் கணினியில் திறக்கமுடியாத காலம் அது. 1985-இல் முதல் வடிவம் வந்தது. 1993-இல் டிகாம் என்ற பெயரில் முழுமையான தரம் வெளியானது. 1997-இல் கதிர்மருத்துவத்துக்கெனத் தனிப் பகுதிகள் சேர்க்கப்பட்டன: உறுப்புகளின் எல்லைக்கோடுகள், சிகிச்சைத் திட்டம், உடலில் கதிர் பரவிய அளவின் வரைபடம் ஆகியவை. புரோட்டான் போன்ற துகள்களுக்கான திட்ட வடிவம் பின்னர் இணைந்தது. கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் சைக்ளோட்ரானுக்குக் கிடைக்கும் புகழ் இத்தகைய தரநிலைகளுக்குக் கிடைப்பதில்லை. தொலைவில் வாழ்வோர்க்கு இவையே நெருக்கமான கண்டுபிடிப்புகள்.

வழியின் கதை தீவுகளுக்கே உரியது. 2002-இல் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பு வாயிலாகப் போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை சென்னைப் போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியோடு இணைக்கப்பட்டது. இந்தியத் தொலைமருத்துவத்தின் தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று. ஆனால் செயற்கைக்கோள் வழி குறுகியது. ஒரு சி.டி. வெட்டுப்படம் 512 வரிசை, 512 நிரல், புள்ளிக்கு 2 பைட் எனக் கொண்டால் அரை மெகாபைட் ஆகும்; 200 வெட்டுப்படங்கள் 100 மெகாபைட். விநாடிக்கு 384 கிலோபிட் தரும் இணைப்பில் இதை அனுப்ப, இடையில் தடையே இல்லாவிட்டாலும், 36 நிமிடம் ஆகும். விநாடிக்கு 100 மெகாபிட் தரும் இணைப்பில் 9 விநாடிக்குள் முடியும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் போர்ட் பிளேயரோடு சுவராஜ் தீவு, ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகியவற்றையும் தொடுகிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970-களில் இரப்பர்த் தோட்டப் பணிக்குக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவு, கமோர்ட்டாவுக்கு அண்மையில் உள்ளது. கடல் ஒருமுறை தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று கண்ணாடியிழை ஒரு தீவுத் தொலைவில் இருக்கிறது.

வழியும் மொழியும் அமைந்தபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அது பெயரில் இருக்கிறது. டிகாம் தரத்தில் நோயாளியின் பெயர், குடும்பப் பெயர் முதலிலும் இடுபெயர் அடுத்தும் வருமாறு அமைக்கப்பட்டது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு. ஒரே பெண் ஓரிடத்தில் முதலெழுத்து முன்னால் வரவும், மற்றோரிடத்தில் பின்னால் வரவும், மூன்றாமிடத்தில் தந்தை பெயர் முழுமையாகவும் பதிவாகிறாள். மூன்று மருத்துவமனைகளும் மூன்று அடையாள எண் தருகின்றன. கணினிக்கு அவள் மூன்று பேர். தெலுங்கரும் வங்காளியரும் நிகோபாரியரும் தமிழரும் கலந்து வாழும் தீவுகளில், பெயரை ஆங்கில எழுத்தில் பதியும் எழுத்தரின் தாய்மொழிக்கு ஏற்ப எழுத்துக்கூட்டலும் மாறும். 14 இலக்க ஆபா எண்ணை ஒவ்வொரு ஸ்கேனோடும் பிணைத்தால் இந்தக் குழப்பம் பெரிதும் நீங்கும். அதே வேளையில் ஒன்றை மறக்கலாகாது: சில நூறு பேர் வாழும் குடியிருப்பில் அரிய கட்டியுள்ள குழந்தை ஒன்றே ஒன்று இருக்கும்போது, ஆய்வுக்காகப் பெயரை நீக்கிவிட்டாலும் அது யார் என்பது ஊருக்குத் தெரியும். சிறிய சமூகத்தின் தரவுக்குப் பெரிய நகரத்தின் தரவைவிடக் கூடுதல் காவல் வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் தீவிலிருந்து சென்னைக்குச் செல்லும் திசை. அதிகம் பேசப்படாதது திரும்பும் திசை. தீவு மக்களுக்கு அதுவே மிகவும் தேவை.

ஒரு குழந்தைக்கு 30 தவணைக் கதிர் என்றால், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் ஆகும். தவணைகளுக்கு இடையே நல்ல செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ள அவகாசம் வேண்டும் என்பதால் இதை விரைவுபடுத்த இயலாது. குழந்தை இளைத்தாலோ மூக்கருகே உள்ள காற்றறைகளில் சளி கட்டினாலோ புரோட்டான் நிற்கும் இடம் மாறும் என்பதால் இடையிலும் ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்துவர். அந்த ஆறு வாரமும் குடும்பம் சென்னையில் வாடகை அறையில் தங்கும். தந்தையின் வேலையும் மூத்த பிள்ளையின் பள்ளியும் தீவில் நிற்கும். சிகிச்சை முடிந்து வீடு திரும்புகையில் கையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கச் சுருக்கம். அதில் 54 கிரே தரப்பட்டது என்பது போன்ற ஓர் எண் இருக்கும். அந்த 54 கிரே மூளையின் எந்தப் பகுதியில் எவ்வளவு விழுந்தது, எங்கே சரிந்து குறைந்தது என்பது அந்தத் தாளில் இராது. அது கதிரளவு வரைபடமாகச் சிகிச்சை மையத்தின் கணினியில் இருக்கும்.

சில மாதங்களுக்குப் பின் தீவில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, முன்பு இல்லாத ஒரு மாற்றம் தெரியலாம். புரோட்டான் பெற்ற குழந்தைகளில் கதிரின் விளைவாகவே அத்தகைய மாற்றங்கள் தோன்றித் தாமே மறைவது அறியப்பட்ட ஒன்று. கட்டி மீண்டும் வந்தாலும் தொடக்கத்தில் ஏறத்தாழ அப்படியே தோன்றக்கூடும். இரண்டையும் பிரித்தறிய உதவுவனவற்றுள் முதன்மையானது, அந்த மாற்றம் கதிரளவு வரைபடத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்ற ஒப்பீடு. வரைபடம் கையில் இல்லாத தீவு மருத்துவர் என்ன செய்வார்? சென்னைக்குப் போங்கள் என்பார். அவர் சொல்வது சரியே. அவருக்கு வேறு வழி தரப்படவில்லை. மீண்டும் 1,190 கிலோமீட்டர், மீண்டும் வாடகை அறை, முடிவு தெரியும்வரை உறக்கமற்ற இரவுகள். வரைபடமும் பழைய படங்களும் புதிய எம்.ஆர்.ஐ.யும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கப்பட்டால், பல குடும்பங்களுக்கு 'இன்னும் ஆறு வாரம் கழித்து அங்கேயே மற்றொரு படம் எடுங்கள்' என்ற பதில் போதுமானதாக இருக்கும்.

பல ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வரைபடத்துக்குப் பயன் உண்டு. வளர்ந்தபின் அதே இடத்துக்கு அருகே மீண்டும் கதிர் தரவேண்டி வந்தால், முன்பு எந்தத் திசு எவ்வளவு பெற்றது என்று தெரியாமல் எந்த மருத்துவரும் துணியமாட்டார். குழந்தைக்கு அப்போது 25 வயதாகியிருக்கலாம். சிகிச்சை தந்த மையத்தின் மென்பொருள் இரண்டு முறை மாறியிருக்கலாம். டிகாம் வடிவில், குடும்பத்தின் கையிலும் தீவு மருத்துவமனையின் சேமிப்பிலும் ஒரு படி இருந்தால் அது அழியாது.

2012-இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய் வலையம் பல ஊர் மருத்துவர்களை ஒரே திரைமுன் அமர்த்தி நோயாளிகளைப் பற்றி விவாதிக்கும் வழக்கத்தை உருவாக்கியிருக்கிறது. கடலடி வடம் இருக்கிறது, தரம் இருக்கிறது, அடையாள எண் இருக்கிறது. இவற்றை இணைக்க 200 டன் இரும்பு தேவையில்லை. மூன்று வழக்கங்கள் போதும். தீவில் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனும் ஃபிலிமோடு நின்றுவிடாமல் டிகாம் தரவாகச் சேமிக்கப்பட்டு, நோயாளி புறப்படுமுன் சென்னையைச் சென்றடைய வேண்டும். ஒரே மனிதர் ஒரே எண்ணில் பதிவாக வேண்டும். சிகிச்சை முடித்து அனுப்பும் நாளில், மருந்துச் சீட்டோடும் சுருக்கத்தோடும் கதிரளவு வரைபடமும் தீவுக்குத் திரும்ப வேண்டும். முதல் இரண்டையும் மருத்துவமனைகள் செய்யவேண்டும். மூன்றாவதைக் கேட்டுப்பெறும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரேனும் சொல்லவேண்டும்.